மின்தடைக்குப் பெயர் தந்த பள்ளி ஆசிரியர்: ஜார்ஜ் சைமன் ஓம்

புதுடெல்லி, மார்ச் 16: இஸ்திரிப் பெட்டியின் மீது ஒட்டப்பட்டிருக்கும் சிறு தகட்டில் இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று 230 வோல்ட்; மற்றொன்று 1000 வாட். இவ்விரண்டையும் கொண்டு அப்பெட்டியில் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 4.35 ஆம்பியர் என்றும், அதனுள் இருக்கும் கம்பிச்சுருளின் மின்தடை ஏறத்தாழ 53 ஓம் என்றும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஓரிரு நிமிடங்களில் கணக்கிட்டுவிடுவார். ஆயிரத்தை 230-ஆல் வகுத்தால் மின்னோட்டம். 230-ஐ அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டே வகுத்தல்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இக்கணக்கை உலகில் எவராலும் போட்டிருக்க முடியாது. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றும் இன்று வழங்கும் தெளிவான பொருளில் அன்று பிரித்தறியப்படவில்லை. அவற்றைப் பிரித்துக் காட்டி, அவற்றுக்கிடையே உள்ள உறவை ஒரே வரியில் எழுதியவர் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ஒருவர். அந்த ஒரு வரிக்காக அவர் தமது வேலையைத் துறந்தார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நிலையான பதவியின்றி வாழ்ந்தார். ஜார்ஜ் சைமன் ஓம் பிறந்த நாள் இன்று.

1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் தென் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஓம் பிறந்தார். தந்தை யோகான் வோல்ஃப்காங் ஓம் பூட்டு செய்யும் தொழிலாளி. தாய் மரியா எலிசபெத் தையற்காரர் ஒருவரின் மகள். பிறந்த குழந்தைகள் ஏழு பேரில் மூவர் மட்டுமே வளர்ந்து ஆளாயினர். ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது தாயும் இறந்துவிட்டார்.

முறையான கல்வி பெறாத அந்தத் தந்தை, பட்டறை வேலைக்கு நடுவே தாமே நூல்களைப் படித்துக் கணிதத்திலும் அறிவியலிலும் வியக்கத்தக்க தேர்ச்சி பெற்றிருந்தார். தாம் கற்றதை மகன்கள் ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் அவரே கற்பித்தார். எர்லாங்கன் உயர்நிலைப் பள்ளியில் கிடைத்த கல்வி பெரும்பாலும் மனப்பாடமாகவே இருந்தது. உண்மையான பாடம் வீட்டில்தான் நடந்தது. ஜார்ஜுக்குப் பதினைந்து வயதானபோது எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் அச்சிறுவனை ஐந்து மணி நேரம் சோதித்துப் பார்த்தார். கணிதத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்ற பெர்னூலி குடும்பத்தைப் போன்று இந்தப் பூட்டுத் தொழிலாளியின் வீட்டிலிருந்தும் சகோதரர்கள் உருவாகக்கூடும் என்று அவர் கருதினார். அந்த மதிப்பீடு பொய்க்கவில்லை. தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் பெர்லினில் கணிதப் பேராசிரியரானார்.

ஆனால் 1805-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜார்ஜ் தந்தையின் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றிலேயே பொழுது கழிந்தது. தமக்குக் கிட்டாத வாய்ப்பை மகன் வீணடிப்பதைக் கண்டு தந்தை கொதித்தார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806-ஆம் ஆண்டு செப்டம்பரில், பதினேழு வயதில், சுவிட்சர்லாந்தில் நீடாவ் அருகே உள்ள கோட்ஸ்டாட் என்னும் ஊரின் பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார்.

அந்தத் தண்டனைதான் அவரைப் படிக்க வைத்தது எனலாம். லாங்ஸ்டார்ஃப் எர்லாங்கனை விட்டு ஹைடல்பெர்க் சென்றபோது அவரைப் பின்தொடர ஓம் விரும்பினார். பேராசிரியரோ, தம்மிடம் வருவதைவிட ஆய்லர், லாப்லாஸ், லக்ருவா ஆகியோரின் நூல்களைத் தாமே படிப்பது நல்லது என்று அறிவுரை கூறினார். ஓம் அவ்வாறே செய்தார். நியூஷாட்டெல் நகரில் தனி ஆசிரியராகப் பிழைத்துக்கொண்டே படித்து, 1811-இல் எர்லாங்கன் திரும்பி, அவ்வாண்டு அக்டோபரில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே மூன்று பருவங்கள் கற்பித்தும் பார்த்தார். வருவாய் வயிற்றுக்குப் போதவில்லை. பவேரிய அரசு அளித்த ஒரே வேலை பாம்பெர்க் நகரின் மதிப்புக் குறைந்த பள்ளியொன்றில் கிடைத்தது. 1813 முதல் மனமின்றி அங்கே பணியாற்றியபோது வடிவியல் பாடநூல் ஒன்றை எழுதினார். 1816-இல் அப்பள்ளியும் மூடப்பட்டது.

அந்த வடிவியல் நூலே அவருக்கு வழி திறந்தது. நூலின் படி ஒன்றைப் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு அனுப்பி வைத்தார். 1817-ஆம் ஆண்டு செப்டம்பரில் கொலோன் நகரின் பழைய ஜெசூட் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. நல்ல பெயர் பெற்ற அப்பள்ளியில், அதைவிட முக்கியமாக, நல்ல ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது.

1820-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டறிந்தார். ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்கள் அனைத்தும் அச்செய்தியால் பரபரப்படைந்தன. கம்பியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதை ஊசியின் திருப்பத்தைக் கொண்டு அளக்கலாம் என்ற வாய்ப்பு அப்போதுதான் பிறந்தது. ஓம் தேர்ந்துகொண்ட வினா எளியது: கம்பி நீள நீள மின்னோட்டத்தின் வலிமை எவ்வாறு குறைகிறது?

1825-இல் வெளியான அவரது முதல் விடை தவறாக இருந்தது. வோல்டா வகை மின்கலத்தைப் பயன்படுத்திப் பல நீளமுள்ள கம்பிகளைச் சோதித்து, மடக்கை ஒன்றைக் கொண்ட சூத்திரத்தை அவர் வெளியிட்டார். அவர் கையாண்ட நீளங்களுக்குள் அது ஓரளவு பொருந்தியது. அதற்கு அப்பால் பொருந்தவில்லை. பிழை அவரது கணிதத்தில் அன்று, மின்கலத்தில் இருந்தது. அக்காலத்து மின்கலம் சுற்று மூடப்பட்டவுடன் பொங்கியெழுந்து, பின்னர் விரைவில் சோர்ந்துவிடும். அளக்கும் நேரத்திலேயே அளவுகோல் சுருங்குவதற்கு ஒப்பானது அது. இந்த அவசரக் கட்டுரை பிற்காலத்தில் அவருக்கு எதிராகவே நின்றது. ஒருமுறை தவறான விதியை அச்சிட்டவரின் இரண்டாவது விதியை நம்புவோர் எளிதில் கிடைப்பதில்லை.

அறிவியல் இதழொன்றின் ஆசிரியரான போக்கெண்டார்ஃப் அவருக்கு நல்ல வழி ஒன்றைச் சொன்னார். மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு கூறினார். இரு வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் எழும் என்பதைத் தாமஸ் சீபெக் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டறிந்திருந்தார். அந்த மின்சாரம் மிகச் சிறிது. ஆனால் வெப்பநிலை மாறாதவரை அதுவும் மாறாது. ஆய்வுக்குத் தேவைப்பட்டது வலிமையன்று, நிலைத்தன்மை.

பூட்டுப் பட்டறையில் வளர்ந்தவரின் கைத்திறன் இங்கே துணை நின்றது. பிஸ்மத் தண்டு ஒன்றின் இரு முனைகளிலும் செப்புப் பட்டைகளைப் பொருத்தினார். ஒரு முனை கொதிநீரில். மற்றொன்று உருகும் பனிக்கட்டியில். கொதிநீரும் உருகும் பனியும் இயற்கையே தரும் மாறாத வெப்பநிலைகள். மின்னோட்டத்தை அளக்க, மெல்லிய உலோக இழையில் காந்த ஊசியொன்றைத் தொங்கவிட்டார். மின்னோட்டம் ஊசியைத் திருப்பும்போது, இழையின் மேல்முனையை எதிர்த்திசையில் முறுக்கி ஊசியைப் பழைய நிலைக்கே கொண்டுவருவார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதே மின்னோட்டத்தின் அளவு.

1826-ஆம் ஆண்டு சனவரியில் ஒரே தடிமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகள் வரிசையாகச் சோதிக்கப்பட்டன. அவற்றின் நீளங்கள் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். சனவரி 8-ஆம் நாள் 2 அங்குலக் கம்பிக்குக் கிடைத்த அளவு ஏறத்தாழ 327. 18 அங்குலத்திற்கு 191. 130 அங்குலத்திற்கு 48.5. இந்த எண்களை வெறுமனே நோக்கினால் ஒழுங்கு எதுவும் புலப்படாது. நீளம் ஒன்பது மடங்காகும்போது மின்னோட்டம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையவில்லை. பாதிக்குச் சற்று மேலாகவே நின்றது.

அதற்கான காரணத்தை ஓம் கண்டுகொண்டார். சோதிக்கப்படும் கம்பி மட்டுமே சுற்று ஆகாது. பிஸ்மத் தண்டு, செப்புப் பட்டைகள், இணைப்புகள் ஆகிய அனைத்தும் தம் பங்குக்குத் தடை செய்கின்றன. அந்த நிலையான தடை ஏறத்தாழ 20.25 அங்குலக் கம்பிக்குச் சமம் என்று கொண்டால் எல்லாம் சீராகிவிடுகிறது. 7285 என்னும் எண்ணை, கம்பியின் நீளத்தோடு 20.25-ஐக் கூட்டிவரும் தொகையால் வகுக்க வேண்டும். 130 அங்குலக் கம்பிக்கு 7285-ஐ 150.25-ஆல் வகுத்தால் 48.5 வருகிறது, ஆய்வில் கிடைத்ததும் அதுவே. 18 அங்குலத்திற்கு 190.5, ஆய்வில் 191. இடைப்பட்ட சில கம்பிகளுக்கு இரண்டொரு அளவு வேறுபட்டது. கையால் செய்த கருவிக்கு அது பொறுக்கத்தக்க பிழை.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கொதிநீரை அகற்றி, வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்து, மீண்டும் அளந்தார். மேலே இருந்த 7285 குறைந்தது. கீழே இருந்த 20.25 மாறவில்லை. எனவே மேலுள்ள எண் மின்சாரத்தை உந்தும் விசையைக் குறிக்கிறது. கீழுள்ள தொகை அதனை எதிர்க்கும் தடையைக் குறிக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறுவதில்லை. இன்றைய மொழியில் சொன்னால், மின்னழுத்தத்தை மின்தடையால் வகுக்கக் கிடைப்பது மின்னோட்டம். கருவியின் உட்தடையைக் கழிவென ஒதுக்காமல் கணக்கில் சேர்த்ததே அவரது வெற்றி என்று கூறலாம். மின்கலத்தின் அகத்தடை என்று இன்று பள்ளியில் கற்பிக்கப்படுவது அந்த 20.25 அங்குலம்தான்.

இந்த முடிவுகளைப் பெரிய நூலாக்கும் நோக்குடன் 1826 ஆகஸ்டில் அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்றுப் பெர்லினில் இருந்த தம்பி மார்ட்டினின் இல்லத்திற்குச் சென்றார். மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் அவரது நூல் 1827-இல் அங்கே வெளியானது. பிரான்சு நாட்டின் ஃபூரியே உலோகத்தில் வெப்பம் பரவுவதைக் கணிதமாக்கியிருந்தார். அதே பாணியில் மின்சாரமும் கம்பியில் ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குப் பரவுகிறது என்று ஓம் விளக்கினார். வெப்பநிலை வேறுபாடு வெப்பத்தை ஓட்டுவது போல, மின்னியல் வேறுபாடு மின்சாரத்தை ஓட்டுகிறது என்பது கருத்து.

இந்த நூல் தமக்கு ஒரு பல்கலைக்கழகப் பதவியைப் பெற்றுத் தரும் என்று அவர் நம்பியிருந்தார். நிகழ்ந்தது வேறு. ஜெர்மானிய இயற்பியலாளர் பலர் அக்காலத்தில் கணிதத்தை ஐயத்துடன் நோக்கினர். இயற்கையைத் தத்துவ நோக்கில் ஒரு முழுமையாக உணர வேண்டுமே தவிர, சமன்பாடுகளில் அடைக்கலாகாது என்ற எண்ணம் பெர்லினில் செல்வாக்குடன் இருந்தது. பெர்லினைச் சேர்ந்த இயற்பியலாளர் போல் நூலைக் கடுமையாகச் சாடினார். கல்வித்துறையும் ஆதரவு காட்டவில்லை. ஓமின் பங்கிலும் குறை இருந்தது. ஆய்வுக்கூடத்தில் அவர் அத்தனை அழகாகக் கண்டறிந்ததை, நூலில் ஆய்வுகளை முன்னிறுத்திச் சொல்லாமல் கடினமான கணிதத்தில் மூடிவிட்டார். சனவரி மாதத்துக் கம்பிகளை முதலில் காட்டியிருந்தால் எதிர்ப்பு இத்தனை எளிதாக இருந்திருக்காது.

மனம் உடைந்த ஓம் 1828 மார்ச்சில் கொலோன் பதவியைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 39. அடுத்த ஆண்டுகள் பெர்லினில் பள்ளிகளில் சில மணி நேரப் பாடம் நடத்துவதில் கழிந்தன. 1833-இல்தான் நியூரம்பெர்க் பல்தொழில்நுட்பப் பள்ளியில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிட்டியது. பல்கலைக்கழகப் பதவி என்னும் விருப்பம் அப்போதும் நிறைவேறவில்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

இதற்கிடையில் அவரது விதி மெல்ல மெல்லத் தன் வழியைத் தேடிக்கொண்டது. லைப்சிக் நகரின் ஃபெக்னர் நூற்றுக்கணக்கான அளவீடுகள் கொண்ட ஆய்வால் அதை உறுதிப்படுத்தினார். ரஷ்யாவில் லென்ஸ் அதை ஏற்றார். பிரான்சில் புய்யே ஏறத்தாழ அதே முடிவுகளைத் தம் ஆய்வுகளிலிருந்து வெளியிட்டார். அதனால் விதி ஓமுடையதா புய்யேயுடையதா என்ற பூசலும் எழுந்தது. இங்கிலாந்தில் தந்திக் கம்பிகளோடு போராடிக்கொண்டிருந்த வீட்ஸ்டனுக்கு இவ்விதி தத்துவமன்று, அன்றாடத் தேவை. மைல் கணக்கில் நீளும் கம்பியின் மறுமுனையில் ஊசியை அசைக்க எத்தனை மின்கலங்கள் வேண்டும் என்ற கணக்கு ஓமின் சூத்திரத்தில்தான் இருந்தது.

1841-இல் லண்டன் ராயல் கழகம் தனது உயரிய விருதான காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. அவ்வாண்டே நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. நூல் வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. சொந்த நாடு அதன் பிறகே திரும்பிப் பார்த்தது. 1845-இல் பவேரிய அறிவியல் கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது. அதே 1845-இல் கிர்க்காஃப் என்னும் இளைஞர், கிளைகள் பல கொண்ட சுற்றுகளுக்கும் ஓமின் விதியை விரிவாக்கினார். உந்துவிசை என்பது மின்சாரத்தின் அடர்த்தி என்று ஓம் கருதியிருந்தது சரியன்று என்பதையும், அது மின்னழுத்தமே என்பதையும் 1849-இல் காட்டியவரும் அவரே. விளக்கம் தவறு, விதி சரி என்ற விந்தை இதில் உள்ளது.

மின்திறனை வாட் கணக்கில் காணும் சூத்திரம் ஓமுடையது அன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மின்சாரம் கம்பியைச் சூடாக்கும் அளவை ஆராய்ந்தவர் மான்செஸ்டர் அருகே மதுவடிப்பாலை நடத்திய குடும்பத்தின் மகன் ஜேம்ஸ் ஜூல். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப எழுகிறது என்று 1840-இல் அவர் கண்டறிந்தார். ஜூலின் முடிவையும் ஓமின் விதியையும் இணைத்தால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கக் கிடைப்பது திறன் என்றாகிறது. மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தாலும் அதே விடை வரும்.

முதலில் கூறிய இஸ்திரிப் பெட்டிக்கு மீண்டும் வரலாம். கோடைக்கால மாலையில் மின்னழுத்தம் 230-லிருந்து 190 வோல்டாகக் குறைகிறது எனக் கொள்வோம். கம்பிச்சுருளின் தடை அதே 53 ஓம். 190-ஐ 190-ஆல் பெருக்கி 53-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 681 வாட். மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்தபோது திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பெட்டி சூடாக ஏன் இத்தனை நேரம் ஆகிறது என்ற இல்லத்தரசியின் சலிப்புக்கு இதுவே விடை. மின் நிலையங்களிலிருந்து தொலைதூரத்திற்கு மின்சாரம் அனுப்பும் உயர் அழுத்தக் கம்பிகளின் கணக்கும் இதுவே. அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் அதே திறனுக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும்; கம்பியில் வீணாகும் வெப்பம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இவ்விதிக்கு எல்லையும் உண்டு. வெப்பநிலை மாறினால் உலோகத்தின் தடையும் மாறும். 230 வோல்ட், 60 வாட் பழைய குண்டு பல்பு எரியும்போது அதன் இழையின் தடை ஏறத்தாழ 880 ஓம். அணைந்து குளிர்ந்த நிலையில் அது பன்மடங்கு குறைவு. எல்இடி விளக்கு இந்த எளிய வகுத்தலுக்கு அடங்குவதே இல்லை.

ஓம் மின்சாரத்தோடு தம் ஆய்வை முடித்துக்கொள்ளவில்லை. காதில் விழும் சிக்கலான ஒலியைச் செவி எளிய சுரங்களாகப் பிரித்தே உணர்கிறது என்ற கருத்தை 1843-இல் வெளியிட்டார். இம்முறையும் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர் ஆகஸ்ட் சீபெக். ஓமின் வெற்றிக்கு அடிப்படையான வெப்ப மின்சாரத்தைக் கண்டறிந்த தாமஸ் சீபெக்கின் மகன். ஓமின் மறைவுக்குப் பின்னரே ஹெல்ம்ஹோல்ட்ஸ் அக்கருத்தை எடுத்து நிலைநாட்டினார்.

1849-இல் ஓம் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852-இல், தமது 63-ஆம் வயதில், மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். இளமை முதல் அவர் நாடிய பதவி அது. அதில் அவர் இரண்டே ஆண்டுகள் இருந்தார். 1854-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார்.

அவரது மறைவுக்குப் பின் வேறொரு செய்தியும் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ், ஓம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1781-இலேயே இவ்விதியைக் கண்டறிந்திருந்தார். அளவுமானி இல்லாத காலத்தில் மின்சாரத்தைத் தம் உடலிலேயே பாய்ச்சி, அதிர்ச்சியின் கடுமையைக் கொண்டு அவர் அளந்தார். ஆனால் அதை வெளியிடாமல் குறிப்பேடுகளில் வைத்துவிட்டார். 1879-இல் மேக்ஸ்வெல் அக்குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகம் அதை அறிந்தது. அதற்குள் விதி ஓமின் பெயரில் நிலைபெற்றிருந்தது.

1881-இல் பாரிஸ் நகரில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு ஓம் என்றும், மின்னழுத்தத்தின் அலகுக்கு வோல்ட் என்றும், மின்னோட்டத்தின் அலகுக்கு ஆம்பியர் என்றும் பெயரிட்டது. 1893-இல் சிகாகோ மாநாட்டில், பனி உருகும் வெப்பநிலையில் 106.3 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதரச நிரலின் தடையே ஓர் ஓம் என வரையறுக்கப்பட்டது. ஓம் செப்புக் கம்பியை அங்குலத்தால் அளந்த முறையின் தொடர்ச்சியாகவே அதைக் கருதலாம். 1980-இல் கிளாஸ் ஃபொன் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவு பாதரசத்தின் தேவையை ஒழித்தது. கடுங்குளிரும் வலிய காந்தப்புலமும் சேரும்போது குறைக்கடத்தியின் தடை 25,812.807 ஓம் என்னும் மாறா மதிப்பில் வந்து நிற்கிறது. இந்தியாவில் மின்தடையின் தேசிய அளவுத்தரத்தைப் பேணும் பொறுப்பு புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது.